வானத்தைப் படம் பிடித்த பார்னார்டு

வானத்து நட்சத்திரங்களையும் ஒளிமுகில்களையும் பொழுதுபோக்காகப் படம் பிடிக்க விரும்பும் வாலிபர் இக்காலத்தில் பலர் உளர். அவர்கள் முதன்முதல் கேட்கும் கேள்வி எந்தக் காமிராவை வாங்கலாம் என்பதே. விலைப்பட்டியலைப் புரட்டினாலோ, குளிரூட்டப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் பலவிதமாய் அணிவகுத்து நின்று மனத்தை மயக்குகின்றன. கையிலிருக்கும் பொருளோ சிறிது. தெரிந்தெடுப்பதில் ஒருமுறை தவறினால் பலமாதச் சேமிப்பு வீணாகும். இக்கேள்விக்கு நல்ல விடையொன்று, காமிராவுக்கு மின்சாரமும் குளிரூட்டியும் இல்லாத காலத்தில் வாழ்ந்த ஓர் அமெரிக்கருடைய சரித்திரத்தில் அடங்கியிருக்கிறது. எட்வர்டு எமர்ஸன் பார்னார்டு என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாய் எடுத்துரைப்போம்.

பார்னார்டு 1857-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ஆம் தேதி அமெரிக்க ஐக்கிய நாட்டில் டென்னெஸீ மாகாணத்து நாஷ்வில் நகரில் பிறந்தார். தந்தையார் இவர் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னமே இறந்துவிட்டார். சிறிது காலத்துக்குள் உள்நாட்டு யுத்தமும் மூண்டது. தாயார் எலிஸபெத்து அம்மையார் வறுமையோடு போராடித் தம் மக்களை வளர்த்தார். பார்னார்டு பள்ளிக்கூடத்துக்குச் சென்றது ஏறக்குறைய இரண்டு மாதமே. எழுத்தறிவித்தவர் தாயாரே எனலாம்.

ஒன்பது வயது நிரம்புமுன் இவர் கூலிவேலைக்குச் செல்ல நேரிட்டது. நாஷ்வில் நகரத்துப் புகைப்படச் சாலையொன்றின் மேல்மாடத்தில் பெரியதொரு யந்திரம் இருந்தது. அதற்கு ஜூபிட்டர் என்று பெயர். படங்களைச் சூரிய ஒளியால் பெரிதாக்குவது அதன் தொழில். சூரியன் நகர நகர யந்திரத்தையும் இடைவிடாது திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். முன்பு அவ்வேலைக்கு வந்த சிறுவர்கள் வெயிலில் சோர்ந்து உறங்கிவிட்டனராம். பார்னார்டோ உறங்கவில்லை. நாள் முழுதும் சூரியனைக் கண்காணித்து யந்திரத்தைத் திருப்பினார். பிற்காலத்தில் இவர் செய்த அருஞ்செயல்கள் அனைத்துக்கும் அஸ்திவாரம் இங்கே இடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. ஏனெனில் வானத்துச் சோதியொன்றை விடாது பின்தொடர்வதே பின்னாளில் இவர் தொழிலாயிற்று.

அச்சாலையிலேயே இவர் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் உழைத்து, தகடு பூசுதல், படம் எடுத்தல், கழுவுதல், அச்சிடுதல் முதலிய யாவற்றிலும் தேர்ச்சி பெற்றார். இரவில் வீடு திரும்புங்கால் வானத்தை நோக்கிச் செல்வது வழக்கம். மஞ்சள் நிற நட்சத்திரமொன்று மற்ற நட்சத்திரங்களிடையே மெல்ல இடம் பெயர்வதைச் சிறுவயதிலேயே கவனித்தார். அது சனிக்கிரகம் என்பதை நெடுங்காலம் சென்றபின்னரே அறிந்தார்.

1876-ஆம் ஆண்டில் ஒருவர் இவரிடம் இரண்டு டாலர் கடன் பெற்று, அதற்கு ஈடாக ஒரு புத்தகத்தை வைத்துச் சென்றார். பணம் திரும்பி வரவில்லை. மனக்கசப்போடு புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது, அது தாமஸ் டிக் என்பவர் இயற்றிய வானசாஸ்திர நூலாயிருந்தது. அதிலிருந்த நட்சத்திரப் படத்தை ஜன்னல் வழியே தெரிந்த வானத்தோடு ஒப்பிட்டு, தாம் பல்லாண்டு பெயரறியாது நேசித்த நட்சத்திரங்களின் பெயர்களை அன்றிரவே அறிந்துகொண்டார். கடனாய்ப் போன இரண்டு டாலர் இவருக்கு ஒரு வாழ்க்கையையே வாங்கித் தந்தது.

உடன் ஊழியராகிய பிரெய்டு என்பவர் இவருக்குச் சிறியதொரு தூரதிருஷ்டிக் கண்ணாடி செய்து கொடுத்தார். அது போதாதென்று கண்டு, அடுத்த ஆண்டில் ஐந்து அங்குல விட்டமுள்ள நல்ல தூரதிருஷ்டியொன்றை வாங்கினார். விலை 380 டாலர். இது இவருடைய ஒரு வருஷ வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வயது முதிர்ந்த தாயாரையும் காப்பாற்ற வேண்டிய வாலிபர் இத்துணைப் பொருளை ஒரு கருவியில் இடுவது புத்தியீனம் என்று அயலார் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் அவர் எதற்காக அதை வாங்குகிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதே 1877-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளின் மகாசபை நாஷ்வில் நகரில் கூடியது. சபைத் தலைவராய் வந்த சைமன் நியூகோம் என்னும் பேராசிரியரை அணுகி, சிறிய தூரதிருஷ்டியைக்கொண்டு தம்மால் செய்யக்கூடிய பணி யாது என்று பார்னார்டு பணிவுடன் வினவினார். கணிதம் அறியாதவன் வானசாஸ்திரத்தில் ஒன்றும் சாதிக்க இயலாது என்றும், முதலில் அதைக் கற்க வேண்டும் என்றும் பேராசிரியர் விடையளித்தார். பார்னார்டு ஒரு தூணின் மறைவில் நின்று கண்ணீர் விட்டார். பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசிரியர் ஒருவரை அமர்த்திக் கணிதம் பயிலத் தொடங்கினார். சிறிய கருவியுடையோர் வால்நட்சத்திரங்களைத் தேடலாம் என்று நியூகோம் கூறிய மற்றொரு மொழியையும் இவர் மறக்கவில்லை.

1881-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ரோடா கால்வெர்ட்டு என்னும் மாதரசியை மணந்தார். அக்காலத்தில் ராச்செஸ்டர் நகரத்துத் தனவந்தராகிய வார்னர் என்பவர், புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்போருக்கு 200 டாலர் பரிசளிப்பதாக அறிவித்திருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் பார்னார்டு ஒன்றைக் கண்டுபிடித்துப் பரிசு பெற்றார். அத்தொகையைக்கொண்டு ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கினார். கடன் தவணை நெருங்குந்தோறும் மற்றொரு வால்நட்சத்திரம் அகப்பட்டு உதவிற்றாம். ஆகையால் அவ்வீட்டிற்கு வால்நட்சத்திர வீடு என்ற பெயரும் ஏற்பட்டது.

1883-ஆம் ஆண்டில் வாண்டர்பில்ட்டு சர்வகலாசாலையார் இவருக்கு உதவிச்சம்பளம் அளித்து, தங்கள் சிறிய வான ஆராய்ச்சிச்சாலையையும் இவர் பொறுப்பில் விட்டனர். இருபத்தைந்து வயதில், மணமான பின்னர், பார்னார்டு மாணவராய் அமர்ந்து படித்தார்.

பின்பு கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலைமேல் அமைந்த லிக் வான ஆராய்ச்சிச்சாலை 1888-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது அதில் ஊழியரானார். அங்கே 36 அங்குல விட்டமுள்ள தூரதிருஷ்டி நிறுவப்பட்டிருந்தது. அவ்வகையில் அந்நாளில் உலகத்திலே அதற்கு மேற்பட்டது வேறொன்றில்லை. ஆயினும் அதைப் பயன்படுத்தும் உரிமை இவருக்கு எளிதில் கிட்டவில்லை. மேலதிகாரியோடு மனவேறுபாடும் நேர்ந்தது. பெருங்கருவி கைக்கு எட்டாத அந்த நாட்களில்தான் பார்னார்டு தம் வாழ்நாளின் சிறந்த தெரிவைச் செய்தார்.

ஆராய்ச்சிச்சாலையில் வில்லார்டு லென்ஸ் என்று வழங்கிய பழைய லென்ஸ் ஒன்று இருந்தது. அது மனிதர் முகத்தைப் படம் பிடிப்பதற்கென்று புகைப்படச் சாலைக்காகச் செய்யப்பட்டது. கைமாறி வந்து சேர்ந்தது. அதன் விட்டம் ஏறக்குறைய 6 அங்குலம். குவிய தூரம் 31 அங்குலம். வானசாஸ்திரிகள் பலர் இத்தகைய முகப்பட லென்ஸைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் சிறுவயது முதல் புகைப்படச் சாலையில் வளர்ந்த பார்னார்டுக்கு அதன் குணம் நன்கு தெரியும்.

அவர் எண்ணியது யாதெனின், ஆகாய கங்கை என்று நாம் கூறும் பால்வீதி வானத்தில் மிகப் பரந்து கிடப்பது, ஒளியும் மங்கலானது. பெரிய தூரதிருஷ்டியின் குவிய தூரமோ 57 அடியளவு. ஆகவே அது வானத்தில் மிகச் சிறிய இடத்தையே ஒருமுறையில் காட்டும். பரந்த ஒளியையும் தகட்டின்மேல் விரித்து மங்கச் செய்யும். ஒரு கிரகத்தை நுணுகி நோக்க அது ஏற்றது. பால்வீதியைப் படம் பிடிக்க ஏற்றதன்று. குவிய தூரம் குறுகியதும், அதற்கேற்ப விட்டம் அகன்றதுமான முகப்பட லென்ஸோ பரந்த வெளியை ஒரே தகட்டில் அடக்கி, மங்கிய ஒளியையும் விரைவில் பதிக்கும். அன்றியும் முன்னாளில் வழங்கிய ஈரத்தகடு காய்வதற்குள் படம் எடுத்துத் தீரவேண்டும். புதிதாய் வந்த உலர்தகட்டிலோ மணிக்கணக்காக ஒளியைச் சேர்க்கலாம். இவ்விரண்டையும் இணைத்து 1889-ஆம் ஆண்டில் இவர் எடுத்த பால்வீதிப் படங்கள் அறிஞர் உலகத்தை வியப்பில் ஆழ்த்தின. எண்ணிறந்த நட்சத்திரங்களும், மேகம் போன்ற ஒளித்திரள்களும், அவற்றிடையே கரிய ஆறுகளும் அப்படங்களில் தெளிவாய்ப் பதிந்திருந்தன.

இப்பணி எளிதன்று. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். கடிகார யந்திரம் காமிராவைத் திருப்பினும், அதில் நேரும் சிறு பிழைகளை மனிதன் திருத்துதல் வேண்டும். பார்னார்டு துணைத் தூரதிருஷ்டியொன்றில் கண்ணை வைத்து, குறுக்கிழையின்மேல் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, மூன்று நான்கு மணி நேரம் கையால் திருத்திக்கொண்டே இருப்பார். மலைமேல் குளிர்காற்று வீசும், கைகால் மரத்துப்போம், கணப்பு வைத்தால் காற்று கலங்கிப் படம் கெடும். மாடத்தின்மேல் ஜூபிட்டர் யந்திரத்தைத் திருப்பிய சிறுவனே இங்கும் உறங்காது காத்து நின்றான் என்னலாம்.

1892-ஆம் ஆண்டு இவருக்குப் பெரும்புகழ் தந்த ஆண்டு. அவ்வாண்டில் பெரிய தூரதிருஷ்டியைப் பயன்படுத்த வாரத்தில் ஓரிரவு உரிமை கிடைத்தது. செப்டம்பர் மாதம் 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவில் வியாழக் கிரகத்தின் ஐந்தாம் சந்திரனைக் கண்டார். முதல் நான்கையும் கலிலியோ கண்ட 1610-ஆம் ஆண்டிற்குப்பின் வேறு எவரும் வியாழனுக்குப் புதுச்சந்திரன் கண்டதில்லை. புகைப்படத்தின் துணையின்றி, கண்ணால் மட்டும் நோக்கிக் கண்டுபிடித்த கடைசிச் சந்திரனும் அதுவே. அடுத்த மாதம் 12-ஆம் தேதி, தாம் எடுத்த பால்வீதிப் படமொன்றில் புதிய வால்நட்சத்திரம் ஒன்று பதிந்திருப்பதைக் கண்டார். புகைப்படத்தால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்நட்சத்திரம் அது. பின்பு காணாமற்போன அதனை 2008-ஆம் ஆண்டில் மீண்டும் கண்டனர். இங்ஙனம் பழைய முறையின் முடிவும் புதிய முறையின் தொடக்கமும் ஒருவர் கையாலேயே, இரண்டு மாதத்துக்குள் நிகழ்ந்தன. கிரகத்துக்குப் பெருங்கருவி, பால்வீதிக்குச் சிறுகருவி என்று அவரவர் இடமறிந்து ஏவியதே இவ்வெற்றிக்குக் காரணம்.

1894-ஆம் ஆண்டில் இன்னும் எளிய கருவியொன்றையும் சோதித்தார். படங்காட்டும் விளக்குக்குரிய மலிவான லென்ஸ் அது; விட்டம் ஒன்றரை அங்குலமே. அதைக்கொண்டு ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் மாபெரும் ஒளிவளையத்தைப் படம் பிடித்தார். பார்னார்டு வளையம் என்று அது இன்றும் வழங்குகிறது. உலகத்தின் பெரிய தூரதிருஷ்டி ஒருமுறையில் காட்ட இயலாததை ஒன்றரை அங்குல லென்ஸ் காட்டிற்று.

1895-ஆம் ஆண்டில் லிக் சாலையை விட்டு சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்தார். அதற்குரிய யெர்க்ஸ் வான ஆராய்ச்சிச்சாலை 1897-ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்து ராஜரீக வானசாஸ்திர சங்கத்தார் இவருக்குத் தங்கப்பதக்கம் அளித்தனர். அதே ஆண்டில் காதரின் புரூஸ் என்னும் தர்மவதி, புகைப்படத்துக்கென்றே ஒரு தூரதிருஷ்டி அமைக்க 7,000 டாலர் நன்கொடை தந்தார். பொருள் கையில் இருந்தும் பார்னார்டு அவசரப்படவில்லை. தம் பணிக்கு இயன்றவரை சிறந்த லென்ஸே வேண்டுமென்று காத்திருந்தார். பிராஷியர் என்னும் புகழ்பெற்ற தொழிலறிஞர் செய்த 10 அங்குல லென்ஸோடு அக்கருவி 1904-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. அதன் குவிய தூரமும் 50 அங்குலமே. ஏழாண்டு ஆராய்ந்தும், முன்பு வில்லார்டு லென்ஸில் கண்ட அளவுப் பொருத்தத்தை இவர் கைவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1905-ஆம் ஆண்டில் அக்கருவியை கலிபோர்னியாவிலுள்ள வில்ஸன் மலைக்குக் கொண்டுசென்று, சில மாதங்களில் ஏறக்குறைய 500 தகடுகளை எடுத்தார்.

படங்களிற் கண்ட கரிய இடங்கள் யாவை? நட்சத்திரங்களில்லாத துவாரங்கள் என்றே அறிஞர் பலர் எண்ணினர். பார்னார்டும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினார். 1913-ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் ஓரிரவு படம் எடுத்துக்கொண்டிருக்கையில், சிறிய மேகங்கள் பால்வீதியின் முன்னே மிதந்து செல்வதைக் கண்டார். பிரகாசமான பின்னணியில் அவை மைத்துளிபோல் கறுத்துத் தோன்றின. தம் தகடுகளிலுள்ள கரிய உருவங்களும் இவ்வாறே ஒளியை மறைக்கும் பொருள்களாக இருத்தல் கூடும் என்னும் எண்ணம் வலுப்பட்டது. முன்கொண்ட கொள்கையை விட்டுவிட இவர் நாணவில்லை. 1919-ஆம் ஆண்டில் 182 கரிய உருவங்களின் அட்டவணையை வெளியிட்டார். அவை குளிர்ந்த வாயுவும் தூசியும் திரண்ட முகில்கள் என்றும், புதிய நட்சத்திரங்கள் அவற்றிலிருந்தே பிறக்கின்றன என்றும் இன்று அறிகிறோம். குதிரைத்தலை முகில் என்று படம் பிடிப்போர் விரும்பித் தேடும் உருவம் அவ்வட்டவணையில் 33-ஆம் எண் பெற்றது.

1916-ஆம் ஆண்டில் 1894-ஆம் ஆண்டுத் தகட்டோடு புதுத் தகட்டை ஒப்பிட்டு, வானத்தில் மிக விரைவாக இடம் பெயரும் நட்சத்திரத்தைக் கண்டார். அதற்குப் பார்னார்டு நட்சத்திரம் என்று பெயர். நமக்கு ஏறக்குறைய ஆறு ஒளியாண்டு தூரத்திலுள்ளது. பழைய தகட்டைப் பத்திரமாய் வைத்திருந்ததனாலன்றோ இது தெரியவந்தது!

1921-ஆம் ஆண்டில் மனைவியார் காலமானார். பார்னார்டும் 1923-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6-ஆம் தேதி மறைந்தார். அவருடைய பால்வீதிப் படத்தொகுதி 1927-ஆம் ஆண்டில் அவர் மனைவியாரின் உறவினராகிய மேரி கால்வெர்ட்டு அம்மையாரின் உழைப்பால் வெளிவந்தது. 700 பிரதிகளுக்கென 35,700 படங்கள் புகைப்படத் தாளிலேயே அச்சிடப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாய்ப் பரிசோதித்தவர் பார்னார்டே.

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் ஒளியை மின்சாரமாக்கும் சில்லொன்றைப் புனைந்தனர். அது முதல் தகடுகள் மெல்ல வழக்கொழிந்தன. இத்தகைய சில்லில் ஒளி விழாதபோதும், அதன் வெப்பத்தினாலேயே பொய்ச்சைகை ஊறும். வெப்பம் ஏறக்குறைய ஆறேழு டிகிரி குறையுந்தோறும் அது பாதியாகும். ஆகவே மின்குளிரூட்டியை உள்ளே வைத்து, சில்லைக் குறித்த வெப்பநிலையில் நிறுத்துகின்றனர். அன்று குளிரில் நடுங்கியவர் பார்னார்டு. இன்று குளிர்வது காமிரா. நம் நாட்டு வெப்பமான இரவுகளில் இக்குளிரூட்டல் பெரிதும் வேண்டப்படும். ஆயினும் எத்தனை டிகிரி குறைக்கும் என்பதைக் காட்டிலும், குறித்த நிலையில் அசையாது நிற்குமா என்பதும், ஈரக்காற்றில் பனித்துளி படியாது காக்குமா என்பதும் முக்கியம்.

அடுத்து, சில்லின் அளவும் லென்ஸின் குவிய தூரமும் நாம் விரும்பும் பொருளுக்குப் பொருந்துதல் வேண்டும். வில்லார்டு லென்ஸின் குவிய தூரம் ஏறக்குறைய 787 மில்லிமீட்டர். அதன் பின்னே 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லை வைத்தால் வானத்தில் இரண்டரை டிகிரிக்குச் சற்று மேற்பட்ட அகலமே அடங்கும். அதே சில்லை 135 மில்லிமீட்டர் லென்ஸோடு இணைத்தால் ஏறக்குறைய 15 டிகிரி அடங்கும். ஆகவே பார்னார்டு வளையத்தை விரும்புவோன் சிறிய லென்ஸையும், சிறு கிரகவடிவ முகில்களை விரும்புவோன் நெடிய தூரதிருஷ்டியையும் நாடுவானாக. வண்ணக் காமிரா எளிது. நிறம் பகுக்காத காமிரா ஒவ்வொரு புள்ளியிலும் முழு ஒளியையும் ஏற்கும், ஆனால் நிறக்கண்ணாடிகளும் மிகுதியான பொழுதும் வேண்டும். எதுவாயினும் கருவியைத் தாங்கித் திருப்பும் பீடம் உறுதியற்றதாயின் விலைமிக்க காமிராவும் வீணே.

மாணவ நண்பர்களே, பார்னார்டு தம் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து ஒரு கருவி வாங்கினார். மலிவான விளக்கு லென்ஸையும் பயன்படுத்தினார். நன்கொடைப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாண்டு காத்தும் இருந்தார். மூன்றிடத்தும் விலை அவரை ஆளவில்லை. வானத்தில் எதைக் காண விரும்புகிறோம் என்று முதலில் துணிந்து, பின்பே கருவியைத் தேடினார். காமிரா வாங்கச் செல்பவனும் விலைப்பட்டியலைத் திறக்குமுன் சில இரவுகள் வானத்தைத் திறந்து பார்ப்பானாயின், அவன் சேமிப்பு வீண்போகாது.